நடு விட்டத்தில் ஊற்றிய பால்

கோயில் காரியத்தில் வேண்டாம் என்று சொல்ல யாருக்காவது வாய் வருமா? ஒருவர் விளக்கு உபயம் என்பார், இன்னொருவர் மின்விசிறி என்பார், தலைவர் கையைக் கூப்பி, "அம்மனே கொடுக்கச் சொல்லியிருக்கா, கொடுங்க" என்பார். பேச்சு அதோடு முடிந்தது. ரெம்பியாவுக்குப் பக்கத்தில் ஆறாங்கட்டைத் தோட்டத்து மாரியம்மன் கோயிலில் அன்னதான மண்டபம் கட்ட வந்த கேத்லீன் இந்த வழக்கம் தெரியாதவள் அல்ல. தெரிந்துதான் வந்தாள். அதுதான் வயிற்றெரிச்சல்.

அவள் அந்தத் தோட்டத்தில், தொழிலாளர் வீட்டு வரிசையான லயத்தில் பிறந்தவள். அப்பா ராயப்பன் அங்கே ரப்பர்ப் பால்மரம் சீவினவர். ஞாயிற்றுக்கிழமையானால் புலாவ் செபாங்கில் மாதா கோயில் பூசை, திருவிழா வந்தால் மாரியம்மன் கோயில் பந்தி என்றுதான் வளர்ந்தாள். ரப்பர் போய் எண்ணெய் ஆட்டும் செம்பனை வந்தது, லயங்கள் இடிபட்டன, சனங்கள் ரெம்பியாவில் மலிவு விலை வீடுகளுக்குக் குடிபோனார்கள். கோயில் மட்டும் செம்பனைக்கு நடுவே தனியாக நின்றது. மண்டபம் கட்டுவது என்று முடிவானதும் கோயில் தலைவர் தம்புசாமி புக்கிட் பெருவாங்கில் கேத்லீன் வேலை பார்த்த, ரொனால்ட் முதலாளியின் கட்டுமான ஆபீசுக்கு நேரே வந்து, "நம்ம ராயப்பன் மக இங்கதானே இருக்கு, அதுகிட்டயே கொடுங்க வேலைய" என்றார். திட்ட மேலாளர் என்ற முறையில் பொறுப்பு முழுக்கக் கேத்லீன் கைக்கு வந்தது. அன்றைக்கு அவளுக்குப் பெருமை பிடிபடவில்லை.

திட்ட மேலாண்மை என்று ஒரு படிப்பு படித்து, பரீட்சை எழுதி, சான்றிதழைக் கண்ணாடி போட்டு மேசைக்குப் பின்னால் மாட்டி வைத்திருந்தாள். அந்தப் படிப்பில் அவளுக்கு ரொம்பப் பிடித்த பாடங்கள் இரண்டு. ஒன்று, வேலைக்கு எல்லை போடுவது. என்ன கட்டுகிறோம், என்ன கட்டவில்லை என்று முதலிலேயே எல்லாரும் ஒத்துக்கொள்ள வேண்டும். பிறகு புதிதாக எது வந்தாலும், அது சின்ன ஆணியாக இருந்தாலும், மற்றதை எல்லாம் அது என்ன செய்யும் என்று உட்கார்ந்து பார்த்த பிறகுதான் உள்ளே விட வேண்டும். இன்னொன்று தரம். கட்டி முடித்துத் தட்டிப் பார்ப்பது தரம் அல்ல, கட்டும்போதே கெட்டுப்போகாமல் காப்பதுதான் தரம். கேத்லீன் இதையெல்லாம் ஆபீஸ் பையன்களுக்கு வகுப்பெடுத்தே சொல்லியிருக்கிறாள்.

கோயில் கமிட்டியோடு நடந்த முதல் கூட்டத்திலும் தெளிவாகத்தான் சொன்னாள். "கீழ சனங்க உக்காந்து சாப்பிடுவாங்க. மேல மொட்டைக் கூரை, வெயிலுக்கும் மழைக்கும் மட்டும்தான். யாரும் ஏற மாட்டாங்க, எதுவும் வைக்க மாட்டோம். கம்பி, தடிமன் எல்லாம் அந்தக் கணக்குக்குத்தான் போட்டிருக்கு. மேல ஏதாச்சும் வேணும்னா இப்பவே சொல்லிடுங்க மாமா."

"ஒன்னும் வேணாம்மா. நாலு பேரு நனையாம சாப்பிட்டாப் போதும்" என்றார் தம்புசாமி. கமிட்டிச் செயலாளர் கணேஸ்வரன் கட்டை விரலை உயர்த்திக் காட்டினான். தமிழ்ப் பள்ளியில் அவளோடு ஒரே வகுப்பில் படித்தவன் அவன், அப்போது அட்டைப்பெட்டித் தொழிற்சாலையில் லாரி ஓட்டிக்கொண்டிருந்தான். எல்லாரும் சரி என்றார்கள்.

கடைக்கால் போட்ட அன்றுதான் முதல் இடறல். தூண் எழும்பும் குழியிலேயே நவதானியமும் சில்லறையும் போட வந்தார்கள். கேத்லீன் மரியாதையாகத்தான் சொன்னாள், "அதை ஈசானி மூலையில தனியா ஒரு குழி தோண்டிப் போடலாம், தூணுக்கு அடியில வேணாம்." அவர்களும் அப்படியே செய்தார்கள். ஆனால் அவள் முதுகுக்குப் பின்னால் ஒரு பெண் குரல், கோபமே இல்லாமல், "மாதா கோயிலுக்குப் போற வேதக்காரப் பொண்ணுதானே, அதுக்கென்ன தெரியும் பாவம்" என்றது. திட்டியிருந்தால்கூட உறைத்திருக்காது. பாவம் என்றதுதான் அவளுக்கு உள்ளே போய்க் குத்தியது. தான் பிறந்த மண்ணில் தன்னை வெளியாளாக நிறுத்திவிட்டார்களே என்று அன்று காரில் வரும்போது அழுதாள். இனிமேல் சாமி விஷயத்தில் வாயைத் திறக்கக் கூடாது என்று அப்போதே முடிவு கட்டிவிட்டாள். எவ்வளவு பெரிய படிப்பு படித்தவள், எவ்வளவு சின்ன விஷயத்தில் விழுந்தாள் பாருங்கள்!

கூரைக்குக் கான்கிரீட் போடும் நாள் வந்தது. காலையிலேயே லாரிகள் வரிசையாக வந்து நின்றன. முதல் லாரியில் இருந்து சோதனைக் கட்டிகளுக்கு வேண்டியதைப் பிடித்து அச்சில் நிரப்பியாயிற்று. அவை லாப்புக்குப் போகும், அங்கே நசுக்கிப் பார்த்துப் பலம் சொல்வார்கள். வேலை சுறுசுறுப்பாக நடந்துகொண்டிருந்தபோது செம்பனைப் பாதையில் உறுமி மேளச் சத்தம் கேட்டது. கேத்லீன் திரும்பிப் பார்த்தாள். மஞ்சள் சேலைகளாக ஒரு பெரிய வரிசை. ஒவ்வொரு பெண்ணின் தலையிலும் ஒரு குடம்.

"வீட்டுக்கு ஒரு குடம்னு சொல்லிட்டேன்" என்றார் தம்புசாமி, முகமெல்லாம் சிரிப்பாக. "பாலு, மஞ்சத் தண்ணி, பன்னீரு. நடு விட்டத்துல ஊத்தினா மண்டபம் தலைமுறைக்கும் நிக்கும்மா."

கான்கிரீட்டில் தண்ணீர் கூடினால் பலம் போய்விடும். பாலும் அதிலுள்ள இனிப்பும் கலந்தால் அது இறுகுவதற்கே அடம் பிடிக்கும். அதுவும் நடு விட்டம்! கூரையின் கனம் முழுக்க வந்து உட்காருகிற இடமே அதுதான். ஒருத்தி ஊற்றினால் சமாளிக்கலாம். வரிசையோ பாதை திரும்பும் இடம் வரைக்கும் நின்றது.

வரிசையில் முதல் ஆள் கணேஸ்வரனின் அம்மா பெத்தம்மாள். சின்ன வயதில் கேத்லீனுக்குத் தலை வாரிவிட்டவள். சாரத்து ஏணியில் மெல்ல ஏறி வந்து, குடத்தை இறக்கி இடுப்பில் வைத்துக்கொண்டு அவள் முகத்தைப் பார்த்தாள்.

"ஊத்தலாமா தாயி?"

கேட்டாள் ஐயா, கேட்டாள்! நல்லா நினைவில் வைத்துக்கொள்ளுங்கள், அந்தப் பொம்பளை வாய் திறந்து கேட்டாள். பம்புக் குழாயைப் பிடித்திருந்த இந்தோனேசியக்காரன்கூடக் குழாயைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு, இவள் என்ன சொல்லப் போகிறாள் என்று பார்த்தான். எத்தனையோ கண்கள் அவள் மேல் இருந்தன. கேத்லீனின் காதில் அந்தப் பழைய "பாவம்" கேட்டது.

"ஊத்துங்க பெரியம்மா" என்றாள்.

குலவை எழும்பியது. குடங்கள் ஒன்றன்பின் ஒன்றாகக் கவிழ்ந்தன. பலகை அடைப்புக்குள் கம்பிகளுக்கு நடுவே பச்சைக் கான்கிரீட்டோடு கலந்து வெள்ளையாகத் தளும்பியது. ஓரத்து இடுக்குகளில் வழிந்து கீழே நின்றவர்கள் மேல் சொட்டியது, அதைத் தீர்த்தமென்று தலையில் தடவிக்கொண்டார்கள். எல்லாருக்கும் சந்தோஷம். கேத்லீன் கையை உதறிக்கொண்டே இருந்தாள், கையில் ஒன்றும் ஒட்டியிருக்கவில்லை.

மற்ற இடமெல்லாம் இறுகிய பிறகும் நடு விட்டம் பச்சையாகவே இருந்தது. பலகையைப் பிரித்தபோது வெளுத்து, ஓட்டை ஓட்டையாகத் தெரிந்தது. கேத்லீன் கார் சாவியால் கீறினாள். மாவு மாதிரி கொட்டியது. வேலையாட்கள் ஓட்டை தெரியாமல் சாந்து பூசிவிட்டார்கள். லாப்பில் இருந்து சோதனைக் கட்டிகள் எல்லாம் நல்ல பலம் என்று சொல்லிவிட்டார்கள். சொல்லமாட்டார்களா பின்னே? அவை குடம் வருவதற்கு முன்னால் லாரியில் பிடித்தவை. தரம் பாஸாகிவிட்டது, விட்டம் பாஸாகவில்லை. இந்த வித்தியாசம் தெரிந்தவள் அவள் ஒருத்தி மட்டும்தான்.

நேரே போய் ரொனால்ட்டிடம் சொன்னாள். "பொஸ், நடு விட்டத்தை இடிச்சிட்டுத் திரும்பப் போடணும்."

"கட்டி பாஸ் ஆயிடுச்சுல?"

"அது பால் ஊத்துறதுக்கு முன்ன எடுத்தது."

ரொனால்ட் நாற்காலியைப் பின்னால் சாய்த்தார். "சரி, இடி. ஆனா நீயே போய் அந்தப் பொம்பளைங்ககிட்ட சொல்லிடு. அம்மா, நீங்க ஊத்துன பாலால விட்டம் கெட்டுப் போச்சு, இடிக்கப் போறேன்னு. சொல்றியா?"

அவள் கார் சாவியில் ஒட்டியிருந்த மாவை நகத்தால் சுரண்டினாள்.

"சொல்ல முடியாதுல? அப்ப விடு லா. மேல சும்மா கூரைதானே, யாரு ஏறப் போறா?"

யாரும் ஏறமாட்டார்கள், மேலே கனமே வராது என்று அவளும் மனதைத் தேற்றிக்கொண்டாள். ஒரு தைரியத்துக்கு விட்டத்துக்கு அடியில் தாங்கலாக இரண்டு இரும்பு முட்டுக் கம்பங்களைக் கொடுத்து, இதை மட்டும் எடுக்கவே கூடாது என்று கணேஸ்வரனிடம் சொல்லி வைத்தாள். ஏன் என்று கேட்டான். "கொஞ்ச நாளைக்கு இருக்கட்டும்டா" என்றாளே தவிர காரணம் சொல்லவில்லை.

பிறகு உபயங்கள் வந்தன. ரங்கசாமி குடும்பம் ஒரு பெரிய தண்ணீர்த் தொட்டி கொடுத்தது. சாப்பிட்டவர்கள் கை கழுவ வேண்டாமா? தொட்டி எங்கே வைப்பது, மேலேதான். "மாமா, மேல கனம் வைக்கிறதா இல்லேன்னு பேசினோமே" என்று கேத்லீன் ஆரம்பித்தாள். தம்புசாமி சிரித்தார். "ஒரு தொட்டியத் தாங்க மாட்டாளா மாரியாத்தா?" கூட்டமே சிரித்தது. கேத்லீனும் சிரித்தாள். என்ன சிரிப்போ அது!

தொட்டி வந்ததும் அதைக் கழுவ ஏறுவதற்குப் படிக்கட்டு வேண்டும் என்றார்கள், அதையும் ஒருவர் கொடுத்தார். படி வந்ததும் மேலே வெறும் சிமெண்டாகக் கிடக்கிறதே என்று மங்களம் அக்கா வீட்டில் ஓடு பதித்துக் கொடுத்தார்கள். ஓடு பதித்த இடத்தில் பிள்ளைகள் ஏறி விழுந்துவிட்டால் என்ன செய்வது என்று சுற்றிலும் செங்கல் கைப்பிடிச் சுவர் எழும்பியது. சுவர் மொட்டையாக இருக்கிறது என்று மூலைக்கு மூலை சுதைச் சிங்கங்கள் உட்கார்ந்தன. எதுவும் பெரிது இல்லை. ஒவ்வொன்றும் சின்னது, ஒவ்வொன்றும் பக்தியோடு வந்தது, ஒவ்வொன்றுக்கும் பளிங்கில் பெயர் வெட்டினார்கள். முதல் கூட்டத்தில் பேசிய மொட்டைக் கூரை எங்கே போனதென்று யாருக்கும் ஞாபகமில்லை. ஒவ்வொரு தடவையும் கேத்லீன் ஒரு வார்த்தை சொல்ல வாயெடுப்பாள், அவர்கள் சிரிப்பார்கள், அவள் அடங்கிவிடுவாள். வீட்டுக்குப் போனால் சோறு இறங்காது. கேட்ட புருஷனிடம் வேலை டென்ஷன் என்று சொல்லி மழுப்புவாள்.

ஒருநாள் சும்மா பார்க்கப் போனபோது மண்டபத்தில் ஒரு வளைகாப்புப் பந்தி நடந்துகொண்டிருந்தது. அவளையும் பிடித்து உட்கார வைத்தார்கள். இலையில் சோறு விழுந்தது. குழம்பு ஊற்றுமுன் பார்த்தாள், சோற்றின் மேல் மெல்லிசாகச் சாம்பல் நிறத்தூள் படிந்திருந்தது. தலை நிமிர்ந்தாள். மின்விசிறி சுற்றிக்கொண்டிருந்தது, மேலே பிள்ளைகள் ஓடுகிற சத்தம் கேட்டது. விட்டத்தில் தலைமுடி அளவுக்கு ஒரு கோடு தெரிந்தது. அவள் சோற்றைப் பிசையாமல் இலையை மூடிவிட்டு எழுந்தாள். பக்கத்தில் இருந்தவர், "என்னம்மா, நம்ம சாப்பாடு ஒத்துக்கலியா?" என்றார்.

அன்றிரவு தூங்காமல் கிடந்து, விடிந்ததும் தம்புசாமிக்குப் போன் செய்தாள். விட்டத்தில் வெடிப்பு இருக்கிறது, திருவிழாவுக்கு மண்டபத்தைத் திறக்கக் கூடாது என்றாள். "பாத்துக்கலாம்மா, நீ கவலைப்படாத" என்றார் அவர். அந்தப் "பாத்துக்கலாம்" அவளுக்குக் கொஞ்சம் நிம்மதியாகவே இருந்தது என்பதுதான் கொடுமை. ஏன் வெடித்தது என்று அவரும் கேட்கவில்லை, பாலைப் பற்றி இவளும் மூச்சு விடவில்லை.

திருவிழா அன்று மதியம் அவள் வந்து சேர்ந்தபோது கோயில் வாசலில் கார் நிறுத்த இடமில்லை. பால்குடம் முடிந்து ரதம் கிளம்பியிருந்தது. செம்பனைப் பாதையைச் சுற்றிக்கொண்டு ரதம் கோயிலுக்குத் திரும்பும். மண்டபத்துக்குள் பந்தி நிறையச் சனம். முதலில் அவள் பார்த்தது முட்டுகளை. முட்டுகள் இல்லை!

"கணேஸ், முட்டு எங்கடா?"

சாம்பார் வாளியோடு நின்ற கணேஸ்வரன் விழித்தான். "இலை போட இடைஞ்சலா இருக்குன்னு காலையில பசங்க எடுத்துப் பின்னால போட்டுட்டானுங்க. நான் அரிசி மூட்டை ஏத்தப் போயிருந்தேன். ஏன், என்னாச்சு?"

அவள் விட்டத்தைக் காட்டினாள். புதுசாக வெள்ளைச் சாயம் அடித்திருந்தது. சாயத்தைக் கிழித்துக்கொண்டு அந்தக் கோடு வந்திருந்தது, இப்போது விரல் நுழையும் போலிருந்தது. மேலே தடதடவென்று காலடிகள். ரதம் பார்க்கக் கூரை முழுக்கச் சனம் ஏறி நின்றது. இரும்புப் படியில் இன்னும் ஏறிக்கொண்டிருந்தார்கள்.

கணேஸ்வரனுக்கு வேறு விளக்கம் தேவைப்படவில்லை. வாளியைக் கீழே வைத்தான். "கீழ உள்ளவங்கள நான் பாத்துக்கறேன். நீ தலைவர்கிட்ட சொல்லி மேல உள்ளவங்கள இறக்கு."

தம்புசாமி கழுத்தில் மாலையோடு, தலையில் பரிவட்டத்தோடு, ரதத்தை வரவேற்கக் கோயில் வாசலில் நின்றார். உறுமிக்காரர்கள் அவரைச் சுற்றி நின்றார்கள். கேத்லீன் அவர் கையைப் பிடித்து ஓரமாக இழுத்தாள். "மாமா, மண்டபம் தாங்காது. இப்பவே எல்லாரையும் இறக்குங்க. உங்க காலப் பிடிச்சுக் கேக்கறேன்."

அவர் முகம் சட்டென்று தளர்ந்துபோனது. "எனக்குத் தெரியும்மா" என்றார். "நீ போன் பண்ண அன்னைக்கே வந்து பாத்தேன். பயமாத்தான் இருந்துச்சு. இத்தன பேரு கொடுத்துக் கட்டுனது, திருவிழாவுக்கு மூடுன்னு யாருக்கிட்ட போய்ச் சொல்ல? ஒருத்தரு பெயிண்ட் உபயம்னாரு. அடிங்கன்னுட்டேன்."

"இப்ப சொல்லுங்க மாமா!"

"இரு, நானே போறேன். நான் சொன்னா எறங்கிருவாங்க."

வயதையும் பாராமல் வேகமாக நடந்து படியில் ஏறினார். கேத்லீனுக்கு ஒரு நொடி உயிர் வந்தது. அடுத்த நொடி நடந்ததைப் பார்த்து அப்படியே நின்றுவிட்டாள். பரிவட்டம் கட்டிய தலைவர் ஏறினால் மேளம் பின்னால் போக வேண்டும், அதுதான் அந்தக் கோயில் மரியாதை. உறுமிக்காரர்கள் அடித்துக்கொண்டே ஏறினார்கள். தலைவர் மேலே போகிறார், மேலிருந்துதான் ரதத்துக்குத் தீபம் காட்டப் போகிறார் என்று வாசலில் நின்ற கூட்டமும் பின்னால் திரண்டது. "ஏறாதீங்க! ஏறாதீங்க!" என்று கேத்லீன் கத்தினாள். உறுமிச் சத்தத்தில் அவள் குரல் அவளுக்கே கேட்கவில்லை. மேலே தம்புசாமி இரண்டு கைகளையும் தூக்கி இறங்குங்கள், இறங்குங்கள் என்று ஆட்டினார். கும்பிடச் சொல்கிறார் என்று எல்லாரும் கையைத் தூக்கிக் கும்பிட்டார்கள்.

அவள் மண்டபத்துக்குள் ஓடினாள். கணேஸ்வரன் கெட்டிக்காரன், பந்தியைக் கலைத்துவிட்டிருந்தான். பாதிச் சாப்பாட்டில் எழுந்தவர்கள் அவனைத் திட்டிக்கொண்டே வெளியே நின்றார்கள். அவன் சமையல் கொட்டகைக்குப் பின்னாலிருந்து ஒரு முட்டுக் கம்பத்தைத் தரதரவென்று இழுத்து வந்து விட்டத்துக்கு அடியில் நிமிர்த்தியிருந்தான்.

"வெளிய வாடா, போதும்!"

"மேல அவ்வளவு சனம் இருக்கு கேத்தி. ஒன்னு போதாது, நீ போய் இன்னொன்ன எடுத்துட்டு வா" என்று சொல்லிக்கொண்டே முட்டின் திருகைச் சுற்றினான்.

அவள் கொட்டகைக்குப் பின்னால் போய் இரண்டாவது முட்டுக் கம்பத்தைத் தூக்கக் குனிந்தாள். முதுகுக்குப் பின்னால் மரம் முறிகிறாற்போல் ஒரு சத்தம் கேட்டது. அதற்குப் பிறகு உறுமி நின்றுபோனது. அவள் திரும்பியபோது மண்டபம் இருந்த இடத்தில் புழுதி மட்டும்தான் தெரிந்தது. கொஞ்ச நேரம் கழித்துத்தான் அலறல் தொடங்கியது.

கூரையோடு கீழே வந்தவர்களுக்குக் கை, கால் என்று அடி. தம்புசாமிக்கு இடுப்பு உடைந்தது. தொட்டித் தண்ணீர் புழுதியில் கலந்து சேறாக ஓடியது, அதில் சிங்கத் தலை ஒன்று கிடந்தது. செத்தது ஓர் ஆள்தான். கணேஸ்வரனை எடுத்தபோது இரண்டு கையும் முட்டுக் கம்பத்தைப் பிடித்தபடியே இருந்தன.

அவன் காரியமெல்லாம் முடிந்த பிறகு ஒரு சாயங்காலம் கேத்லீன் ரெம்பியாவுக்குப் போனாள். அதற்குள் ஊரில் கதை முடிவாகியிருந்தது. சோதனைகள் எல்லாம் சரியாக இருக்கின்றன, அளவுக்கு மீறிச் சனம் ஏறியதுதான் காரணம் என்று விசாரிக்க வந்தவர்கள் பேசிக்கொண்டார்கள். "நீ வாயத் தொறக்காத, அது போதும்" என்று ரொனால்ட் சொல்லியிருந்தார். ஊர்ச் சனமோ அம்மனுக்கு ஏதோ குறை வைத்துவிட்டோம் என்றது. கேத்லீனைப் பார்த்த இடத்திலெல்லாம் கையெடுத்துக் கும்பிட்டார்கள். பந்தியில் இருந்தவர்களை அவள்தானே காப்பாற்றினாளாம்! அந்தக் கும்பிடு ஒவ்வொன்றும் அவளுக்கு அறை மாதிரி விழுந்தது.

பெத்தம்மாள் மகன் படத்துக்கு விளக்கேற்றிவிட்டுத் தரையில் உட்கார்ந்திருந்தாள். "வா தாயி, பசியாறினியா?" என்றாள். உள்ளே திரும்பி, "புனிதா, நம்ம கேத்தி வந்திருக்கு, டீ கலக்கும்மா" என்று மருமகளிடம் சொன்னாள். கேத்லீன் அவள் பக்கத்தில் போய் உட்கார்ந்தாள். பெத்தம்மாள் அவள் கையை எடுத்துத் தன் மடியில் வைத்துக்கொண்டாள்.

"எம்புள்ள நாலு பேரக் காப்பாத்திட்டுத்தான் போனான். அதுல எனக்குக் கொற இல்ல. ஒன்னே ஒன்னுதான் மனசு ஆறல தாயி. அன்னைக்கு நான் கொண்டாந்தது சின்னக் குடம். மொத ஆளா ஊத்துறவ நெறைய ஊத்த வேணாமா? அம்மனுக்கு அது பத்தலையோ என்னமோ. புது மண்டபம் கட்டப் போறாங்களாம். இந்த வாட்டி ரெண்டு குடமா ஊத்தறேன்னு தலைவர்கிட்ட ஆஸ்பத்திரியிலேயே சொல்லிட்டேன். அவரும் சரின்னுட்டாரு."

சொல்லாமல் போனால் இதே வரிசை மறுபடியும் செம்பனைப் பாதையில் வரும். சொன்னால், பெற்ற பிள்ளையைத் தன் கையாலேயே கொன்றோம் என்று இந்தத் தாய் மிச்சக் காலத்தைக் கழிப்பாள். எழுந்து போய்விடலாம் போல இருந்தது. ஆனால் அவள் கை இன்னும் பெத்தம்மாள் மடியிலேயே இருந்தது.

"பெரியம்மா, பால் ஊத்தக் கூடாது."

"ஏன் தாயி?"

சொன்னாள். கான்கிரீட்டில் பாலும் தண்ணீரும் விழுந்தால் என்ன ஆகும் என்று சொன்னாள். விட்டம் இறுகாமல் கிடந்ததை, தான் கீறிப் பார்த்ததை, இடிக்காமல் விட்டதை, மேலே ஒவ்வொன்றாக ஏறியபோது சிரித்துக்கொண்டு நின்றதை எல்லாம் சொன்னாள். தப்பு உங்களுடையது இல்லை, என்னுடையது என்று திரும்பத் திரும்பச் சொன்னாள். டீயோடு வந்த புனிதா கதவருகிலேயே நின்றுவிட்டாள்.

பெத்தம்மாள் மாரில் அடித்துக்கொள்ளவில்லை. மகன் படத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"இது உனக்கு அன்னைக்கே தெரியுமா?"

"தெரியும் பெரியம்மா."

"உங்கிட்டதான கேட்டேன்."

"ஆமா. வேணாம்னு சொன்னா உங்க மனசு புண்படுமேன்னு பயந்துட்டேன். வேதக்காரப் பொண்ணு சாமி காரியத்தத் தடுக்குதுன்னு நினைச்சிடுவீங்களேன்னு..."

பெத்தம்மாள் மெல்லத் திரும்பி அவளைப் பார்த்தாள். கோபம் இருந்திருந்தால் கேத்லீன் தாங்கியிருப்பாள். அந்த முகத்தில் கோபமே இல்லை.

"சிமெண்டு கெட்டுரும்னு ஒரு வார்த்த சொல்லியிருந்தா, அந்தப் பால அம்மன் காலடியில ஊத்திட்டுப் போயிருப்பேனே தாயி" என்றாள்.